சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம்

நாரணாபுரம் ரோடு,
சிவகாசி,
14-9-1961

பிரியமுள்ள டாக்டரம்மா அவர்களுக்கு,

ஞானசுந்தரி எழுதிக்கொண்டது. நான் நலம். உங்கள் நலத்துக்காக ஞாயிறுதோறும் கோயிலில் முழங்காலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்கள் பத்திரகாளியம்மனைக் கும்பிடுகிறவர், நான் ஏசுவைக் கும்பிடுகிறவள். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு அந்தக் குளிர் தேசத்தில் உங்களைப் பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள் கடிதம் போன வியாழக்கிழமை வந்தது. இந்த வான்கடிதத்தை எந்தப் பக்கம் கிழித்துத் திறப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. போன முறை போலவே நாலு வரி கிழிந்து போயிற்று. விளக்கடியில் வைத்து ஒட்டுப்போட்டுப் படித்தேன். படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். நம் களிம்பில் ஆறிய ஐந்து பெண்களின் கைகளைப் பற்றி நீங்கள் எழுதி, சென்னை வைத்தியப் பத்திரிகையில் வந்த கட்டுரையை எடின்பரோவில் பெரிய டாக்டர்மார் சபையில் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றால் சும்மாவா? வருகிற பிப்ரவரியில் என்று எழுதியிருக்கிறீர்கள். நன்றாக அமைந்தால் அங்கேயே இன்னும் மூன்று வருஷம் வேலை கொடுத்து வைத்துக்கொள்வார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டாவது வரியை நான் ஒரே ஒரு முறைதான் படித்தேன். முதல் வரியைப் பத்து முறை படித்தேன்.

நான் முனிசிபல் பிரசவ ஆஸ்பத்திரியில் சேர்ந்து வருஷம் ஒன்றாகிவிட்டது. வேலை அதிகம், பேச ஆள் கிடையாது. சனிக்கிழமை மத்தியானம் மட்டும் நம் வைத்தியசாலையைத் திறந்து கூட்டிப் பெருக்கி, உங்கள் நாற்காலியைத் துடைத்து, சன்னலைச் சற்று நேரம் திறந்து வைத்துவிட்டு வருகிறேன். உள்ளே போனதும் அந்தப் புங்கெண்ணெய் வாடை இன்னும் முகத்தில் அடிக்கிறது. சுவரே குடித்துவிட்டது போலிருக்கிறது. விருதுநகரிலிருந்து உங்கள் அண்ணாச்சி ஆள் அனுப்பி, கட்டடத்தைக் கோடவுனாக வாடகைக்கு விடலாமா என்று கேட்டார். டாக்டரம்மா வந்து சொல்லட்டும் என்று சொல்லி அனுப்பினேன். சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது.

அந்த 1958 ஐப்பசியை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பாக வருகிறது. தீபாவளி நெருக்கத்தில் பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வந்து கையை நீட்டினார்கள். விரல் சந்துகளில் வெடிப்பும் புண்ணும், நகத்தைச் சுற்றி நீர் கசிவும். நீங்கள் ஒவ்வொரு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அவ்வளவு நேரம் பார்ப்பீர்கள். வெளியே காத்திருந்தவர்கள், டாக்டரம்மா ரேகை பாக்காக போல என்று சொல்லிச் சிரித்தார்கள். புங்கெண்ணெயில் துத்தநாகப் பொடியைப் போட்டு நான் குழவியால் அரைக்க அரைக்க, இன்னும் நைசாக, இன்னும் நைசாக என்று நீங்கள் தலைமாட்டில் நின்று உயிரை எடுத்தீர்கள். என் தோள்பட்டை வலி அன்றைக்கு வந்தது, இன்னும் போகவில்லை. அந்தக் களிம்புக்கு உங்கள் பெயர் வந்தது. வலி மட்டும் எனக்கு.

நோயாளிகள் நோட்டுக்கு நீங்கள் போட்ட சட்டமும் நினைவிருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் கண்ணால் பார்த்தது. வலப்பக்க ஓரத்தில் நாமாக நினைத்தது, கேள்விப்பட்டது, மற்ற வம்பு. ஞானம், நீ பார்த்ததையும் நினைத்ததையும் ஒரே உலையில் போட்டுப் பொங்குகிறாய் என்று என்னைத் திட்டியே அந்தக் கோட்டைப் போட்டீர்கள். ஆரம்பத்தில் எனக்குக் கோபம்தான். பிறகு பழகிவிட்டது. இப்போது பிரசவ ஆஸ்பத்திரியிலும் கோடு போட்டுத்தான் எழுதுகிறேன். அங்கே என்னைக் கோட்டு நர்சு என்கிறார்கள்.

இன்னொரு சந்தோஷச் செய்தி. உங்கள் கட்டுரை வந்த பக்கத்தை மத்தாப்புக் கம்பெனி முதலாளி கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீசில் மாட்டியிருக்கிறாராம். களிம்பைத் தகர டப்பியில் அடைத்து, ஏழு கலரில் லேபிள் அடித்து, வேலைக்கு வருகிற பெண்களுக்கு வாசலிலேயே கொடுக்கிறார்கள். லேபிளில் இரண்டு கைகள், அதன் மேல் ஒரு தாமரை, கீழே ‘டாக்டர் சொர்ணலட்சுமி கைக்களிம்பு’. நம் ஊரில் எதற்குத்தான் லேபிள் அடிக்க மாட்டார்கள்! படத்தில் அந்தக் கைகளுக்குப் போட்ட வளையல் மட்டும் உங்களுக்குப் பிடிக்காத சிவப்பு. ஒரு டப்பியைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.

ஐந்து பேரும் இப்போது எப்படியிருக்கிறார்கள் என்று ஆளுக்கு ஒரு வரி எழுதி, பெருவிரல் ரேகை வாங்கி அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள். ஆனந்தமாகச் செய்கிறேன். லீவு நாளில் கிளம்பி ஒவ்வொருத்தியாகத் தேடிப் பார்க்கிறேன். பத்து நாளில் தாள் உங்கள் கையில் இருக்கும்.

கம்பளிச் சட்டை போடாமல் வெளியே போகாதீர்கள். உதடு வெடித்தால் வெண்ணெய் தடவுங்கள். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உங்கள் உண்மையுள்ள,
ஞானசுந்தரி


சிவகாசி,
22-10-1961

பிரியமுள்ள டாக்டரம்மா அவர்களுக்கு,

பத்து நாள் என்று சொல்லி ஒரு மாதத்துக்கு மேல் ஆக்கிவிட்டேன். நீங்கள் கோபமாக இருப்பீர்கள், தெரியும். தாள் இன்னும் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று எழுதுகிறேன்.

தீபாவளிக்கு இன்னும் பதினாறு நாள்தான். சீசன் தலைக்கு மேல் ஓடுகிறது. லோடு ஏற்றும் லாரிகள் விருதுநகர் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. பெண்கள் விடியுமுன் வேலைக்குப் போய் இருட்டித் திரும்புகிறார்கள். அதனால் முதலில் பட்டாசு வேலையை விட்டுவிட்ட ராமுத்தாயைத் தேடிப் போனேன். கட்டுரையில் இரண்டாவதாக வருகிறவள். உங்களுக்கு நினைவிருக்கும், சிரித்தால் வாயைப் பொத்திக்கொள்வாளே, அவள்தான். இப்போது அச்சுப் பிரஸில் காலண்டருக்குத் தகரப்பட்டை அடிக்கிற வேலை. கையைப் பார்த்தேன். பூரித்துப்போனேன். ஒரு கீறல் இல்லை. நம் களிம்பை எத்தனை நாள் போட்டாய் என்று கேட்டேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கோவிச்சுக்கிடாதீக நர்சம்மா, அந்தக் களிம்ப ஒரு நாளுதான் தொட்டேன், புங்கெண்ண வாடையில சோத்துல கை வைக்க முடியல என்றாள். பிறகு அந்த டப்பா என்ன ஆயிற்று என்றேன். எங்க மாமனாரு செவலக் காளைக்கு நுகத்தடிப் புண்ணு, அதுக்குப் போட்டாக, பத்தே நாள்ல ஆறிப்போச்சு என்றாள். மூன்று வாரம் கழித்து வந்து, உங்க களிம்புலதான் ஆறுச்சுன்னு எங்களிடம் சொன்னாயே என்று கேட்டேன். அதற்கு அவள், டாக்டரம்மா அம்புட்டு அருமையாக் கையப் பிடிச்சுப் பார்த்துக் காசு வாங்காமக் குடுத்தாக, அவுககிட்டப் போயி போடலன்னு எப்பிடிச் சொல்ல என்றாள்.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்து பெண்கள் என்று நாம் பத்திரிகைக்குச் சொன்ன கணக்கில் ஒன்று காளை மாடு. தெரு முனை வரை சிரித்துக்கொண்டே வந்தேன். அவள் வாசலில் நின்று கடைசியாகச் சொன்ன வார்த்தை அப்புறம்தான் மனதில் உறைத்தது. தீவாளிக்குக் கம்பெனி அடைச்சா எல்லாத்துக்கும் ஆறத்தான செய்யும் என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அடுத்து வெள்ளைத்தாய். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, தேவலக்கா, நல்லாத் தேவல என்று ஆரம்பித்துவிட்டாள். நான் இன்னும் கேள்வியே கேட்கவில்லை. பேசி முடிக்கிறவரை கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தாள். காட்டு என்று இரண்டு தடவை கேட்ட பிறகுதான் காட்டினாள். நான் என்ன எழுத? தேவலை என்று அவள் சொன்னதும் உண்மை, கை தேவலை இல்லை என்பதும் உண்மை. நம் ஊரில் மருந்து கொடுத்தவரிடம் யாராவது கேட்கவில்லை என்று சொல்லியிருக்கிறார்களா? வீட்டுக்கு வந்தவரிடம் சாப்பாடு நன்றாக இல்லை என்று சொல்கிற மாதிரி அல்லவா அது. அத்தனை வருஷம் அந்த அறையில் நின்றிருக்கிறேன், எத்தனை தேவலைகளை நோட்டில் எழுதியிருக்கிறேன்! எனக்கு அது தோன்றவே இல்லை.

நான்காவது பெண் கோவில்பட்டிப் பக்கம் புருஷனோடு போய்விட்டாள், முகவரி தெரியவில்லை. ஐந்தாவது பெண் போன வருஷம் பிரசவத்தில் தவறிப்போனாள். பிள்ளை இருக்கிறது, பாட்டியிடம் வளர்கிறது.

மிச்சம் இருளம்மாள். முதலில் வந்தவள், கட்டுரையிலும் முதல் ஆள். அவளைப் பார்க்க நாரணாபுரத்து மத்தாப்புக் கம்பெனி வாசலிலேயே போய் நின்றேன். போர்மேன் சோலைச்சாமி என்னை அடையாளம் கண்டு மரியாதையாகப் பேசினார். உங்களைப் பற்றி விசாரித்தார். வேலை முடிந்து பெண்கள் வெளியே வந்தார்கள். இருளம்மாள் தூக்குச்சட்டியை முழங்கையில் மாட்டிக்கொண்டு வந்தாள். கையில் பிடிக்கவில்லை. கிட்டே வந்த பிறகுதான் காரணம் தெரிந்தது. டாக்டரம்மா, வலது கையில் இரண்டு விரல் மடங்கியது மடங்கியபடி இருக்கின்றன. தோல் தடித்து, வெடித்து, திரும்பத் தடித்து, பழைய மாட்டுத்தோல் போல ஆகிவிட்டது.

களிம்பு போடவில்லையா என்று கேட்டேன். மூன்று வருஷமாக ஒரு நாள் தவறாமல் போடுகிறாளாம். முந்தி நீங்கள் இருந்தபோது, புண் கண்டால் சீட்டு எழுதிக் கொடுப்பீர்களே, மூன்று வாரம் வெடிமருந்து அடைக்கும் அறையிலிருந்து லேபிள் ஒட்டும் அறைக்கு மாற்றச் சொல்லி? அந்தச் சீட்டு இப்போது செல்லுபடியாவதில்லை. யாராவது கையைக் காட்டி வேறு வேலை கேட்டால் சோலைச்சாமி டப்பியை நீட்டுகிறார். நான் அவரிடம் கேட்டேன். அவர் கெட்ட மனுஷர் இல்லை. டாக்டரம்மாவே பொஸ்தகத்துல எழுதியிருக்காகளே, வேலை மாத்தணும்னா எழுதியிருக்காக, களிம்பு போட்டா ஆறும்னுதான எழுதியிருக்காக என்று என்னையே திருப்பிக் கேட்டார். சட்டம் போட்ட பக்கத்தைக் கையோடு காட்டினார். அவர் சொன்னது சரிதான். கட்டுரையில் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இருளம்மாள் உங்கள் மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நாந்தான் இன்னுங்கொஞ்சம் கூடப் போட்டிருக்கணும் போல, நர்சம்மா என்றாள். சீமையில் வாசிக்கப் போகிறார்கள் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. அப்ப குணம்னே எழுதிருங்க, அவுகளுக்கு நம்மளால ஒரு கொறச்சல் வரக் கூடாது என்றாள்.

ரேகை வாங்க மை டப்பாவைத் திறந்தேன். பெருவிரலை அழுத்தி எடுத்தேன். கறுப்பாக ஒரு திட்டு விழுந்தது. மை அதிகமாகிவிட்டது என்று துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினேன். அதே திட்டு. மூன்றாவது முறை நான் அவள் விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ரேகை இல்லை. அவள் கையைப் பார்த்துத்தான் டாக்டரம்மா ரேகை பார்க்கிறார் என்று அன்றைக்குச் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வாசலில் அத்தனை பேர் முன்னால் அழுதேன். அவள்தான் என்னைத் தேற்றி அனுப்பினாள்.

அதனால்தான் தாள் முடியவில்லை. எனக்குக் கொஞ்சம் நாள் கொடுங்கள். தீபாவளி வந்து கம்பெனி அடைக்கட்டும். ராமுத்தாய் சொன்னதை நான் என் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் எதையும் கோட்டுக்கு இடப்பக்கம் எழுத எனக்குத் தைரியம் இல்லை.

நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள். நீங்கள் கேட்ட மோர் மிளகாயை உங்கள் அண்ணாச்சி வீட்டில் சொல்லிப் பார்சலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஞானசுந்தரி


சிவகாசி,
18-12-1961

பிரியமுள்ள டாக்டரம்மா அவர்களுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் வந்தன. தாள் எங்கே, தாள் எங்கே என்று இரண்டிலும் கேட்டிருக்கிறீர்கள். இருளம்மாள் கையைப் பற்றி நான் எழுதியதற்கு, ஒரு கேஸ் மோசமாவது சகஜம், மற்றவர்கள் நிலையை எழுது என்று பதில் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்து இரண்டு நாள் உங்கள் மேல் கோபமாக இருந்தேன். நாற்காலியைக்கூடத் துடைக்கவில்லை. இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டு நாலாவது முறையாக எழுதுகிறேன்.

பார்த்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் கம்பெனி அடைத்தார்கள். இருளம்மாள் தெருவிலேயே, வெடிமருந்து அறையில் வேலை பார்த்துக் கை புண்ணான பத்துப் பெண்களைப் பிடித்தேன். ஐந்து பேரைக் களிம்பு போடச் சொன்னேன். ஐந்து பேரை எதுவும் போட வேண்டாம் என்றேன். ஒரு வாரம் கழித்துப் போனால், போடாதவர்களில் இரண்டு பேர் அடுத்த வீட்டு டப்பியில் கடன் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். அதோ அவளுக்கு மட்டும் குடுத்திருக்கீக, எனக்கு ஏன் இல்ல என்று என்னிடமே சண்டை. அந்த இரண்டு பேரையும் கழித்துவிட்டேன். மிச்சம் எட்டு. மூன்று வாரம் முடிந்தபோது எட்டுப் பேருக்கும் கை ஆறிவிட்டது. போட்டவர்களுக்கும் ஆறியது, போடாதவர்களுக்கும் ஆறியது. எந்தக் கை எவளுடையது என்று பெயரை மறைத்துவிட்டுக் காட்டினால் நீங்களேகூடச் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

டிசம்பர் முதல் தேதி கம்பெனி திறந்தது. நேற்றுப் போய்ப் பார்த்தேன். எட்டில் ஆறு பேருக்கு விரல் சந்தில் வெடிக்க ஆரம்பித்துவிட்டது. அந்த ஆறில் மூன்று பேர் தினமும் களிம்பு போடுகிறவர்கள்.

இருளம்மாளுக்கும் அடைப்பு நாளில் புண்கள் காய்ந்தன. மடங்கிய விரல்கள் நிமிரவில்லை, ரேகையும் திரும்பவில்லை. ஆனாலும் வந்து, இப்பத்தான் நர்சம்மா டாக்டரம்மா களிம்பு வேலை செய்யுது என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனாள். திறந்த நாளே முதல் ஆளாக அறைக்குள் போய் உட்கார்ந்தாள்.

இனி எழுதப் போவதை எழுதத்தான் மூன்று முறை கிழித்தேன். சென்ற சனிக்கிழமை நம் பழைய நோட்டை எடுத்தேன். அலமாரியின் மேல் தட்டில், நீங்கள் கட்டி வைத்துவிட்டுப் போன நூல்கட்டு அவிழாமல் இருந்தது. 1958 ஐப்பசி, கார்த்திகைப் பக்கங்களைப் புரட்டினேன். அந்தக் காகித வாசனையும் உங்கள் மைக்கறையும் என்னை என்னவோ செய்தன. முறுக்குத் துணுக்கு ஒன்றுகூட இடுக்கில் இருந்தது. தீபாவளிக்குப் பெண்கள் கொண்டுவந்து குவித்தார்களே, அந்த முறுக்கு. இரண்டு பேரும் தின்றுகொண்டே எழுதியிருக்கிறோம். அவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கிறோம், டாக்டரம்மா.

நோட்டில் பதினொரு பெண்கள் இருக்கிறார்கள். கட்டுரையில் ஐந்து பேர்தான். மற்ற ஆறு பேர் திரும்ப வரவில்லை, ஆறிப்போயிருக்கும், அதனால்தான் வரவில்லை என்று நாம் பேசிக்கொண்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இப்போது அந்த ஆறு பேர் எங்கே வேலை பார்த்தார்கள் என்று பார்த்தேன். ஆறு பேரும் தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள். தீப்பெட்டி ஆபீசுக்குத் தீபாவளி அடைப்பு கிடையாது. அவர்களுக்குப் பகலில் வர நேரமும் இல்லை, புண் ஆற நாளும் இல்லை.

ஐந்து பேரின் பக்கத்திலும், ஆறியது என்று எழுதிய வரிக்கு நேராக, சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம், என் கையெழுத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. ‘பகலில் வந்தாள். கம்பெனி அடைப்பு.’ ஐந்து பக்கத்திலும் இதே வார்த்தைகள். வழக்கமாக இருட்டிய பிறகு வருகிறவர்கள் வெயிலோடு வந்தார்களே என்று வம்புக்காக எழுதி வைத்திருக்கிறேன். கட்டுரைக்காக நல்ல தாளில் பிரதி எடுக்கச் சொன்னீர்கள், இடப்பக்கம் மட்டும் எடு என்றீர்கள். நானும் இடப்பக்கம் மட்டும் எடுத்தேன். என் கையாலேயே அதை விட்டுவிட்டேன். இந்தத் தவறில் பாதி என்னுடையது. இருளம்மாள் விரலைப் பிடித்த கையும் அதே கைதான்.

ராமுத்தாய் பக்கத்தில் மட்டும், அந்தக் குறிப்பின் மேல் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறது. எனக்குப் பென்சில் வைத்துக்கொள்கிற பழக்கம் இல்லை. வெகு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. நோட்டு அலமாரியில் அதே தட்டில் இருக்கிறது, நூல்கட்டை மறுபடி கட்டிவிட்டேன்.

நீங்கள் கேட்ட தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டு பெயருக்கு நேரே காலியாக இருக்கும். ராமுத்தாய்க்கு நேரே, களிம்பு போடவில்லை, வேலை மாறினாள், குணம் என்று எழுதியிருக்கிறேன். வெள்ளைத்தாய்க்கு நேரே, அவள் சொன்னது ஒன்று, நான் பார்த்தது ஒன்று, இரண்டையும் எழுதியிருக்கிறேன். இருளம்மாளுக்கு நேரே கறுப்பாக இருப்பது மை கொட்டியதல்ல. அதுதான் அவள் ரேகை. உங்கள் சபையில் யாராவது கேட்டால் அப்படியே சொல்லுங்கள்.

கட்டுரையை வாசிக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? நான் படித்தது நர்சுப் படிப்பு. ஆனால் வாசித்தால் அந்த ஓரத்தையும் சேர்த்து வாசியுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். அப்படி வாசித்தால் அந்த மூன்று வருஷ வேலை கிடைக்காமல் போகலாம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். இன்னொன்றும் வேண்டும். கம்பெனி முதலாளிக்கு உங்கள் கையெழுத்தில் ஒரு கடிதம். களிம்பால் ஆறவில்லை, வேலையிலிருந்து விலகி இருந்ததால்தான் ஆறியது, பழையபடி சீட்டை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று நாலு வரி. நான் போய்ச் சொன்னேன். முதலாளி சிரித்துக்கொண்டே, ஏம்மா, நீ டாக்டரம்மாவ விடப் பெரிய ஆளா என்று கேட்டார். அவர் உங்கள் எழுத்தைத்தான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார், அதனால் உங்கள் எழுத்துதான் அதைக் கழற்ற வேண்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஒருத்தர் சொல்கிறதை எடுத்துக்கொள்ளுமுன், அதைச் சொல்வதில் அவருக்கு என்ன ஆதாயம் என்று பார்க்க வேண்டும் என்பீர்கள். என்னையும் அப்படியே பாருங்கள். கட்டுரை விழுந்தால் நீங்கள் ஊருக்கு வருவீர்கள். நீங்கள் வந்தால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவள் இந்த ஊரில் ஒருத்தி கிடையாது. பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான், ஆறியதா இல்லையா என்று பார்த்ததும் நான்தான். என் கண் எனக்குத் தெரியாமல் ஆசைப்பட்டிருக்கலாம். ஆகவே என் சாட்சியை முழுசாக நம்ப வேண்டாம். பிரசவ ஆஸ்பத்திரியில் வீரலட்சுமி என்று ஒரு நர்சு இருக்கிறாள். உங்களை அவள் பார்த்ததே இல்லை, நீங்கள் வந்தாலும் போனாலும் அவளுக்கு ஒன்றுமில்லை. எதற்காக என்று சொல்லாமல் அவளையும் அழைத்துப் போய் அந்த எட்டுப் பேர் கைகளையும் இரண்டு தடவை பார்க்க வைத்தேன். அவள் எழுதிய தாளையும் வைத்திருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவளுடையது வேறாக இருந்தால் என்னுடையதைக் கிழித்துப் போடுங்கள்.

கிறிஸ்துமஸ் நெருங்குகிறது. உங்கள் பங்கு அதிரசத்தை இருளம்மாள் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பப் போகிறேன். அவள் உங்களை எப்போதும் போல விசாரித்தாள். நீங்கள் எங்கே இருந்தாலும், எந்த முடிவு எடுத்தாலும், கர்த்தர் உங்கள் நெஞ்சுக்குச் சமாதானம் தருவாராக. உங்கள் கை எந்தக் கையைத் தொட்டாலும் அது குணமாகட்டும்.

என்றும் உங்கள்,
ஞானசுந்தரி

இந்தத் தாளின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இதுவரை எழுதியது எல்லாம் கோட்டுக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கத்தில் எழுத எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதைத் தயவுசெய்து கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அண்ணாச்சி மறுபடி ஆள் அனுப்பினார். சாவியை இன்னும் கொடுக்கவில்லை.